ஐந்தாவது யன்னல்

தெல்லிப்பழை,
2.5.1989.

அன்பின் தம்பி நோர்மனுக்கு,

கர்த்தருடைய கிருபையினால் நான் நலம். நீயும் உன் மனைவி பிள்ளைகளும் லண்டன் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டுமென்று நாள்தோறும் மன்றாடுகிறேன். நீ அனுப்பிய தடித்த கடிதம் கிடைத்தது. தபாற்கந்தோரிலிருந்து வரும் வழியில் சந்தியிலுள்ள ஆமிக்காரரின் சென்றியில் அதைப் பிரித்து, பச்சைக்கோடு போட்ட அந்த நீளத் தாளை நிலம் வரைக்கும் விரித்து, இது என்ன சங்கேதம் என்று கேட்டார்கள். தம்பி எனக்கு யன்னல் அனுப்பியிருக்கிறான் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்கள்.

உன் பிரச்சினை விளங்கியது. எனக்குக் கட்டித் தரப்போகும் வீட்டை உன் கந்தோர்க் கொம்பியூட்டரில் படமாகக் கீறி, வடக்குச் சுவரின் ஐந்து யன்னல்களையும் அதுவே வைக்கும்படி ஒரு புரோகிராம் எழுதியிருக்கிறாய். அதுவோ முதல் யன்னலை மட்டும் சொன்ன இடத்தில் வைத்துவிட்டு மற்றவற்றைக் கண்டபடி வைக்கிறது, கடைசி இரண்டும் வீட்டை விட்டே ஓடுகின்றன. "பிழை பிடிக்க உங்களை விட்டால் ஆர் அக்கா" எண்டு ஐஸ் வேறை வைச்சிருக்கிறாய். முப்பத்தொரு வருசம் கணக்குப் படிப்பிச்சவளுக்கு இது ஒரு காரியமோ எண்டு நானும் கண்ணாடியைத் துடைச்சுப் போட்டன். யூன் பிறக்க யாகப்பு மேசன் அத்திவாரம் வெட்ட வாறான். அதுக்குள்ளை சரியான படம் வராட்டில் அவன் வேறை வேலைக்குப் போயிடுவான், நான் இன்னொரு மாரிக்கும் இந்த வளவு மூலையிலை ஒழுகிற அறைக்குள்ளை சட்டி வைச்சுத் தண்ணி ஏந்தவேண்டியதுதான்.

ஆனால் இஞ்சை கொம்பியூட்டருக்கு எங்கை போறது? கரண்ட் வந்தால் வந்தது. யோசிச்சுப்போட்டு நானே கொம்பியூட்டராகிறது எண்டு முடிவெடுத்தன். வளவிலை முளை அடிச்சு நூல் கட்டி, நாப்பதடி வீட்டை மணலிலை அப்பிடியே போட்டன். அதென்னவோ தம்பி, நூல் கட்டின உடனை அது வீடாப் போச்சு. வாசல் விட்ட இடத்தாலைதான் போய் வந்தன், நூலைக் கடக்க மனம் வரேல்லை. பின்னேரம் படுக்கை அறையிலை கதிரை போட்டுத் தேத்தண்ணி குடிக்க, இல்லாத கூரையிலை வேப்பம்பூ உதிருது, இல்லாத சுவராலை காத்து வருகுது. இருந்தபடியே கண் சொருகிப் போகும். அந்த அறைக்குத்தான் ஐஞ்சாவது யன்னல். அதாலை பார்த்தால் ஒரு மனிச முகம் தெரியவேணும் எண்டு உன்னட்டைக் கேட்டனான், ஞாபகமோ? தனிய இருக்கப் பயமாயிருக்கடா. அதுதான் உண்மை.

சரி, விசயத்துக்கு வாறன். நாலு, பன்னிரண்டு, இருபது, இருபத்தெட்டு, முப்பத்தாறு எண்டு அஞ்சு அளவு எழுதியிருக்கிறாய். கொம்பியூட்டர் சொன்னதைச் செய்யுமே தவிர யோசியாது எண்டு நீதானே எழுதினனீ, நானும் யோசியாமல் நடந்தன். நாலடியிலை ஒண்டு. அங்கையிருந்து பன்னிரண்டடி போக ரண்டாவது. பிறகு இருபதடி போக மூண்டாவது. நாலாவது கிணத்தடியிலை விழுந்துது. ஐஞ்சாவதுக்கு முப்பத்தாறடி போகவேணும், குறுக்கை வேலி. அங்காலை, என்னைப் போலைத் தனிய இருக்கிற உந்தச் செல்வத்துரையின்ரை வளவு. வேலிக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்ட மனிசன் எண்டு ஆறு வருசமா நான் கதையாத ஆள். கொம்பியூட்டருக்கு ஏது வெக்கம்? ஓலை விலகின வேலிப் பொட்டுக்குள்ளாலை பூந்து, அந்த ஆளின்ரை முன் யன்னலுக்கு நேர் கீழை, செவ்வரத்தைப் பாத்திக்கை முளையை அடிச்சன். நிமிர்ந்தால் யன்னலிலை ஆள் நிக்குது!

"ரீச்சர், உது என்ன?"

"யன்னல்."

"என்ரை வளவுக்கை உங்கடை யன்னலோ?"

காணி உறுதியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்திட்டார். நான் உன்ரை தாளை நீட்டினன். மனிசன் நில அளவைக் கந்தோரிலை இருந்து இளைப்பாறினவர் எல்லே, வாசிக்க வாசிக்கக் கோவம் போயிட்டுது. என்ரை பக்கம் வந்தவர், நூல் வாசலிலை செருப்பைக் கழட்டிப்போட்டுத்தான் உள்ளுக்கை வந்தார். நான் கதிரையை எடுத்து அவருக்குப் போட்டன். பிறகு அவர் அளவு நாடாவின்ரை ஒரு நுனியைப் பிடிக்க, நான் மற்ற நுனியோடை நடக்க, பிழை பிடிபட்டுது. ஒவ்வொரு யன்னலையும் வைச்ச பிறகு "திரும்ப மூலைக்குப் போ" எண்டு ஒரு வரி நீ எழுதேல்லை. எல்லாத்தையும் மூலையிலையிருந்தெல்லோ அளக்கவேணும், உன்ரை புரோகிராம் விட்ட இடத்திலையிருந்து அளக்குது. சின்னனிலையும் நீ உப்பிடித்தான், வெளிக்கிட்டால் திரும்பி வீட்டை வரத் தெரியாது.

இது நடந்து ரண்டு கிழமை. செல்வத்துரையர் அளவைச் சரிபார்க்க எண்டு ஒவ்வொரு பின்னேரமும் வாறார். சரிபார்க்க இனி ஒண்டுமில்லை, ஆனாலும் வாறார். இல்லாத மேசையிலை ரண்டு பேரும் தேத்தண்ணி குடிக்கிறம். கதியாலையும் அளந்து பார்த்தம், ஒரு சாண் என்ரை பக்கந்தான் கூட. இதை ஊரிலை ஆருக்கும் எழுதிப்போடாதை.

ஆனபடியாலை அந்த ஒரு வரியை உடனடியாகச் சேர்த்து, ஐந்தாவது யன்னலை என் வீட்டுக்குள் கொண்டுவந்து, புதுப் படத்தைத் தாமதமின்றி அனுப்பவும். உன் பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், மனைவிக்கு என் அன்பு. உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக.

இப்படிக்கு,
உன் அன்பு அக்கா
பியாட்றிஸ்

பி.கு. (11.5.1989): ஊரடங்காலை தபாற்கந்தோர் ஒன்பது நாளாப் பூட்டு, கடிதம் என்னோடையே கிடந்துது. நல்லதாப் போச்சு. மேலை எழுதினதை விடு. புரோகிராமிலை கை வைக்காதை. யாகப்புவையும் வரவேண்டாம் எண்டிட்டன். ஐஞ்சாவது யன்னல் விழுந்த இடத்திலையே இருக்கட்டும். அங்கை ஏற்கெனவே ஒரு யன்னல் இருக்குது, உள்ளுக்கை நிண்டும் பார்த்திட்டன், நல்ல காத்து. வாற ஞாயிறு ஆராதனையிலை போதகர் எங்கடை ரண்டு பேரின்ரை பேரையும் கலியாண அறிவித்தலிலை முதல் தரம் சேர்த்து வாசிப்பார். வேலிப் பொட்டைத்தான் கொஞ்சம் பெருப்பிக்கவேணும், அதுக்கு அளவு நாங்களே எடுப்பம்.