சித்தர் வீட்டு மணல்

"மண்ணு பேசுதாம், கலை."

"தமிழ்லயா அத்த, பிரெஞ்சுலயா?"

காலாப்பட்டுக்குப் பக்கத்துக் குப்பத்தில், போன தை மாதம், கலையரசிக்கும் அவள் மாமியார் கன்னியம்மாளுக்கும் நடந்த பேச்சு இது. மருமகள் சிரித்தாள். மாமியார் சிரிக்கவில்லை. சிரிக்காதவர்களை நம்பித்தான் புதுச்சேரியில் அப்போது ஒரு பெரிய தொழில் நடந்துகொண்டிருந்தது.

நடத்தியவர் நெல்லித்தோப்பு மண்வாக்குச் சித்தர். காலை ஆறு மணிக்கே அவர் வீட்டு வாசலில் வரிசை தெருமுனையைத் தாண்டும். நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் கடற்கரையில் புதுக்கடை போட வந்தவர்கள். காபிக் கடை, பழச்சாறு, வாடகை சைக்கிள், அலைச்சறுக்குப் பள்ளி. சென்னையில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்த ஒருவர், இட்லியைக் குச்சியில் குத்தி விற்கலாமா என்று கேட்க நின்றார்.

கடலோரத்தில் கடை நடத்துவது உண்மையிலேயே கஷ்டம். சனி, ஞாயிறு நிற்க இடமிருக்காது. திங்கள் முதல் வியாழன் வரை காக்கைதான் வாடிக்கையாளர். உப்புக்காற்று ஷட்டரைத் தின்னும், ஃப்ரிட்ஜைத் தின்னும், மிச்சமிருந்தால் உங்கள் பொறுமையைத் தின்னும். ஐப்பசி மழை பிடித்தால் ஒரு மாதம் ஈ கூட வராது. இதையெல்லாம் முன்கூட்டியே யோசித்துக் கடை போடலாம். ஆனால் யோசிப்பதற்கு மூளை வேண்டும். சித்தருக்கு மண் ஒரு கைப்பிடி போதும்.

முறை ரொம்பச் சுலபம். சித்தரின் ஆள் உங்களிடம் சிவப்பு நூல் கட்டிய ஒரு சின்னத் துணிப்பை தருவான். கடை வரப்போகும் இடத்தில் மண் எடுத்து அதில் போட்டுக் கொண்டுவர வேண்டும். வேறு பை ஆகாது; தீட்டு. அந்த மண்ணைப் பித்தளைக் கிண்ணத்தில் கொட்டி, பையையும் அதன்மேல் நன்றாக உதறி, மஞ்சள் தீர்த்தத்தை ஊற்றுவார் சித்தர். தீர்த்தம் மஞ்சளாகவே இருந்தால் மண் வாழ வைக்கும். சிவந்தால் மண் காவு கேட்கிறது. பெரும்பாலும் சிவக்கும். மண்ணுக்கு அவ்வளவு பசி.

சிவந்தால் பரிகாரம். செப்புத் தகடு, மூன்று பூஜை, கூடவே சித்தரின் மாடி கட்டும் பணிக்கு மனமுவந்த காணிக்கை. பரிகாரம் முடிந்ததும் மறுபடி மண் கொண்டுவரச் சொல்வார்கள். இந்த முறை பச்சை நூல் பை. தீர்த்தம் சிவக்காது. கூட்டம் கையெடுத்துக் கும்பிடும். நூலின் நிறம் மாறியதை யாரும் கேட்கவில்லை. பக்தியில் நூலையெல்லாம் யார் பார்ப்பார்கள்?

கலையரசி போடவிருந்தது மீன் சாப்பாட்டுக் கடை. கொம்யூன் பஞ்சாயத்தில் உரிமம் வாங்கிவிட்டாள். அடுப்பு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை திறப்பு என்று பலகைகூட எழுதிவிட்டாள். ஒன்றே ஒன்றுதான் பாக்கி. கடைக்கு வேண்டிய வலைக்கொட்டகை மாமியார் பெயரில் இருந்தது. மண்வாக்கு வராமல் கொட்டகையைத் திறக்க விடமாட்டேன் என்று கன்னியம்மாள் உட்கார்ந்துவிட்டாள். முத்துவேல் என்று ஒரு புருஷன் இருந்தான். அம்மா சொன்னாலும் சரி, நீ சொன்னாலும் சரி என்று சொல்லிவிட்டு அவன் கடலுக்குப் போய்விட்டான். கடலில் அலை மட்டும்தான்.

பழச்சாறுக் கடை நிர்மலாவின் கதையை மாமியார் தினமும் எடுத்துவைத்தாள். மண் சிவந்து, பரிகாரத்துக்கு வழியில்லாமல், கட்டிய கடையைத் திறக்காமலேயே விட்டவள் அவள். இப்போது ரெட்டியார்பாளையத்தில் யாருடைய துணிக்கடையிலோ நிற்கிறாள். அந்தக் கதி நமக்கு வேண்டாம் என்பது மாமியாரின் கட்சி.

செவ்வாய்க்கிழமை கன்னியம்மாள் பையை வாங்கிவந்து அடுக்களை ஆணியில் மாட்டினாள். கலையரசி அப்போது வஞ்சிரத் துண்டுகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். பூனை வந்து பையைத் தட்டிவிட, ஈரக்கையோடு அதைப் பிடித்து மறுபடி மாட்டினாள். கை சிவந்துவிட்டது.

மீன்முள் கிழித்துவிட்டது என்று நினைத்துக் கையைக் கழுவினாள். கீறல் இல்லை. எரிச்சலும் இல்லை. பையைத் திருப்பிப் பார்த்தாள். உள்பக்கம் முழுக்க வெள்ளையாக, மெல்லிசாக ஒரு பொடி. மஞ்சள் விரலை அதில் ஒருமுறை வைத்தாள். சிவந்தது. இன்னொரு விரலை வைத்தாள். அதுவும்.

அடுக்களையில் தனியாக நின்று அவள் அப்படிச் சிரித்தாள். போன மாதம்தான் நாத்தனார் கல்யாணத்தில் இதே கையால் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்து ஆரத்தி எடுத்தாள். ஊரில் ஆரத்தி கரைக்காத பெண் யார்? ஆரத்தி பார்க்காத ஆண்தான் யார்? தாம்பாளத்தில் சிவந்தால் ஆரத்தி. சித்தர் கிண்ணத்தில் சிவந்தால் காவு.

அவள் மாமியாரிடம் அதைச் சொல்லவில்லை. சொன்னால் சண்டைதான் வரும். மண்ணை நானே எடுத்துவருகிறேன் என்று மட்டும் சொன்னாள். மருமகளுக்குப் புத்தி வந்துவிட்டது என்று கன்னியம்மாள் நெட்டி முறித்தாள்.

வியாழக்கிழமை இருவரும் நெல்லித்தோப்புக்குப் போனார்கள். சித்தர் வீட்டு வாசலில், மாடிக்காக இறக்கிய மணல் ஆளுயரத்துக்குக் குவிந்திருந்தது. அதற்கு ஓரமாகத்தான் வரிசை நகர்ந்தது. கலையரசி குனிந்து செருப்பைச் சரிசெய்தாள். கொஞ்ச நேரம் சரிசெய்தாள்.

அவள் முறை வந்தது. சித்தர் மண்ணைக் கொட்டினார். பையை உதறினார். கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துத் தீர்த்தம் ஊற்றினார். கிண்ணம் இரத்தமாகச் சிவந்தது. கூட்டம் பெருமூச்சு விட்டது.

"இந்த மண்ணுல ஒரு உசுரு போயிருக்கும்மா. இதுமேல ஒரு செங்கல்லு வெச்சாலும் குடும்பம் அழியும்."

"நல்லா பாத்துச் சொல்லுங்க சாமி. கொஞ்சம் மாத்திப் பேசுமா?"

"மண்ணு பொய் பேசாது."

"அப்ப மாடி வேலைய இன்னிக்கே நிறுத்திடுங்க சாமி. இது உங்க வாசல்ல கொட்டியிருக்கிற மணலு."

சித்தர் கண்ணைத் திறந்தார். அன்றைக்கு அவர் உண்மையாகச் செய்த ஒரே காரியம் அதுதான்.

கலையரசி காத்திருக்கவில்லை. இன்னொரு கிண்ணத்தில் தீர்த்தம் ஊற்றினாள். ஜவுளிக்கடைப் பையில் தன் கொட்டகை மண் கொண்டுவந்திருந்தாள். அதைக் கொட்டினாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. பிறகு சித்தரின் காலிப் பையை உள்வெளியாகத் திருப்பி, எல்லாரும் பார்க்க, அதே தண்ணீரில் முக்கினாள். சிவந்தது.

வரிசையில் நின்ற ஒரு பெண், தனக்குத்தானே சொல்வதுபோல், "ஆரத்தி" என்றாள். அந்த ஒரு சொல் வாய்க்கு வாய் தாண்டித் தெருமுனை வரை போயிற்று.

சாமிக்கு உக்கிரம் ஏறிவிட்டது, யாரும் கிட்டே வரக்கூடாது என்று சித்தரின் ஆள் கத்தினான். உக்கிரம் ஏறிய சாமி கொல்லைக் கதவு வழியாக இறங்கி ஓடியது. அவர் இயற்பெயர் காசிலிங்கம் என்பதும், பத்து வருஷத்துக்கு முன்னால் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் வெற்றிலை பாக்குக் கடை வைத்திருந்தார் என்பதும், அதற்கப்புறம்தான் பலருக்கு ஞாபகம் வந்தது. சுண்ணாம்பு அவருக்குப் புதுசில்லை.

குச்சி இட்லிக்காரர் மட்டும் கலையரசியை ஓரமாகக் கூப்பிட்டு, பச்சை நூல் பை எங்கே கிடைக்கும் என்று விசாரித்தார். அவருக்காகவே அடுத்த சித்தர் எங்கேயோ சுண்ணாம்பு இடித்துக்கொண்டிருப்பார்.

காலாப்பட்டு பஸ்ஸில் கன்னியம்மாள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அவமானம் என்று கலையரசி நினைத்துக்கொண்டாள்.

"நான் கடைக்காகப் போவல கலை," என்றாள் மாமியார், முத்தியால்பேட்டை தாண்டியதும். "எனக்காவத்தான் போனேன்."

கலையரசிக்குப் புரியவில்லை.

"முப்பது வருஷம் மீன் வித்தவ நான். முட்டி போச்சின்னு ஊட்டுல உக்கார வெச்சிட்டான் முத்து. கடை வந்துட்டா நீ காலைல போயி ராத்திரி வருவ. நான் செவுத்தப் பாத்துனு கெடப்பேன். மண்ணு செவந்துட்டா நல்லதுன்னு இருந்துச்சி எனக்கு."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே அத்த."

"சாமியக் கேக்கறது சுளுவுடி. மருமவளக் கேக்கறதுதான் பயம்."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் அப்படித்தான். புருஷனிடம், அப்பாவிடம், கூட்டாளியிடம், தன் சொந்த மூளையிடம் கேட்க வேண்டியதை மண்ணிடம் கேட்கப் போனவர்கள். மனிதரைக் கேட்டால் இல்லை என்று பதில் வரலாம். ஆனால் அதற்குப் பை வாங்க வேண்டியதில்லை.

கலையரசி மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு, இப்போது கேளுங்கள் என்றாள்.

கன்னியம்மாள் தொண்டையைச் செருமினாள். கூடையோடு தெருத்தெருவாகக் கூவி விற்ற குரல், பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்கே கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது.

"கரையில ஏலத்துல மீன் எடுக்க உனக்குத் தெரியாது. ஏமாத்திடுவானுங்க. அந்த வேலைய எனக்குக் குடுக்கிறியா, கலை?"