நிற்காமல் ஓடிய எஞ்சின்

எனக்கு உட்கார்ந்த இடத்தில் தூக்கம் வரும். பலருக்கு அது கிடைக்காத வரம். என் தூக்கத்தால் ஒரு கடையே மூடப்பட்டது.

எழுபதுகளில் செங்கல்பட்டில் என் அக்கா வீட்டுக்காரர் டீசல் பம்புசெட் விற்று, பழுதும் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் ஊராகக் கரண்டுக் கம்பம் நட நட, எல்லோரும் மின்சார மோட்டாருக்கு மாறினார்கள். பழுதுக்கு விட்ட எஞ்சினைத் திரும்ப எடுத்துப்போகக்கூட ஆள் வரவில்லை. மிச்சமிருந்த நம்பிக்கை, கம்பம் எட்டாத கடலோரம். திருவிடந்தையில் கோதண்டம் என்ற விவசாயி ஒரு எஞ்சின் வாங்கினால், அவரைப் பார்த்து அந்தப் பக்கமே வாங்கும்.

"ஓட்டிக் காட்டிட்டு வா மாப்ள. இதுவும் போச்சுன்னா கடையைப் பூட்ட வேண்டியதுதான்" என்று மாமா என்னை எஞ்சினோடு லாரியில் ஏற்றிவிட்டார். (விற்பனைப் பிரதிநிதி என்று எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொண்டேன். இஸ்திரி போட்ட சட்டை வேறு.)

கைப்பிடியைச் சுற்றியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. தண்ணீர் கொட்டியது. கோதண்டத்துக்கு முகமெல்லாம் பல்.

"சோக்கா கீது தம்பி. அரை மணி ஓட்டிட்டு நிறுத்திடு. கடலாண்ட கெணறு, மேலாக்கதான் நல்ல தண்ணி. ரொம்ப இழுத்தா உப்பு வந்துடும். நான் நாஸ்தா துன்னுட்டு வந்துர்றேன்."

"நிதானமா வாங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சவுக்குத் தோப்பு வழியே காற்று வந்தது. டுப்... டுப்... டுப்... யாரோ முதுகில் தட்டிக்கொடுப்பது போல எஞ்சின் ஓடியது. அலைச்சத்தம் எது, தண்ணீர்ச்சத்தம் எது என்று பிரிக்க முடியவில்லை. வாய்க்காலில் வெயில் மெல்ல மெல்ல நகர்ந்துபோனது. அப்புறம் எங்கள் கடைக்கு மாடி வந்துவிட்டது. கடற்கரை முழுக்க எஞ்சின்கள் வரிசையாக நின்றன. மீன் பிடிப்பவர்கள்கூட ஆளுக்கொன்று வாங்கித் தோளில் வைத்துப் போனார்கள். மாமா எனக்கு மாலை போட்டார். மாலை ரொம்ப ஈரமாக இருந்தது.

கண் விழித்தால் வேட்டியெல்லாம் தண்ணீர். (வாய்க்கால் உடைந்ததால்தான். வேறு காரணமில்லை.) கோதண்டம் ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் வைத்துத் துப்பினார். அவருடைய கத்தரி நாற்றங்கால் மிதந்துகொண்டிருந்தது. எஞ்சின் பெருமையைப் பேசி அக்கம்பக்கத்து ஆட்களையும் கூட்டிவர அவருக்கு மத்தியானம் ஆகிவிட்டதாம். அத்தனை பேரும் சுற்றி நின்று என்னைப் பார்த்தார்கள்.

"கெணத்துக்குள்ள கடலையே கொண்டாந்து வுட்டுட்டியேடா பாவி! நிறுத்துறா அத்த!"

பதற்றத்தில் அதை எப்படி நிறுத்துவது என்பதே மறந்துபோயிற்று.

"இந்தப் பேஜாரு நமக்கு வாணாம்ப்பா. கரண்டு வர்ற வரைக்கும் கையால எறைச்சுக்கலாம்" என்றார் வந்தவர்களில் ஒருவர். மற்றவர்கள் தலையாட்டினார்கள்.

மழை பெய்ததும் கிணறு தேறிவிட்டது. கடை தேறவில்லை. மாமா என்னைத் திட்டவே இல்லை. "எஞ்சின் நல்லா ஓடுச்சா?" என்று மட்டும் கேட்டார். "நிக்கவே இல்ல மாமா" என்றேன். அப்போது அவர் முகத்தில் வந்த பெருமையை நினைத்தால் எனக்கு இன்றும் அழுகை வருகிறது.

அக்கா அப்படியெல்லாம் விடுகிற ஆளா? இன்றுவரை எங்கள் வீட்டில் குழம்பில் உப்புக் கூடிப்போனால் சமைத்தவரை யாரும் குறை சொல்வதில்லை. அக்கா சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கி என்னைத்தான் கேட்பாள்:

"எவ்ளோ நேரம்டா ஓட்டுனே?"