உப்புப் பார்க்க ஆளில்லை

அலவத்துகொட,
வெள்ளிக்கிழமை.

அக்குறணை மச்சான் நிஸாம் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. எங்கள் சுகத்தை நீங்கள் நடத்துகிற சர்வமத நல்லிணக்கக் குழு கெடுத்துவிட்டது. போனை நீங்கள் எடுப்பதில்லை, ஆகவே ஆட்டோக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நோன்போடு கஞ்சி காய்ச்சும்போது உங்கள் தங்கச்சி றம்லத் உப்புப் பார்க்க மாட்டாள். நாக்கில் வைத்துத் துப்பினால் குற்றமில்லை என்று மௌலவி சொல்லியும் கேட்காத பிடிவாதக்காரி. அதனால் காலங்காலமாகப் பக்கத்து வீட்டுச் சுவக்கின்தான் அஸர் தொழுகைக்குப் பிறகு குசினிப் பக்கமாக வந்து, ஒரு கரண்டி குடித்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் போடுங்க தங்கச்சி" என்பார். ஒரு கத்தோலிக்கரின் நாக்கை நம்பித்தான் எங்கள் வீட்டுக் கஞ்சி கொதித்தது. ஒரு நாடு நல்லா இருக்க இதுக்கு மேல என்ன வேணும்? அந்த மனுசனைக் கூட்டிக்கொண்டுபோய்ச் செயலமர்வில் உட்காரவைத்து, நோன்பாளிக்கு முன்னால் சாப்பிடுவது மத அவமதிப்பு என்று படம் போட்டுக் காட்டியிருக்கிறீர்கள்! மறுநாள் அவர் கேட்டுக்கு வெளியே கைகட்டி நின்று, "ஒங்க மதத்த மதிக்கிறேங்க நானா, உள்ள வர மாட்டேன்" என்கிறார். மதிப்பாம், மண்ணாங்கட்டி! அன்றைக்குப் பார்த்துத்தானா எங்கள் றிப்தாவைப் பெண் கேட்ட வீட்டார் நோன்பு திறக்க வரவேண்டும்? றம்லத் உப்புப் போட்டது தெரியாமல் நானும் ஒரு பிடி போட்டுவிட்டேன். மாப்பிள்ளையின் உம்மா ஒரு வாய் குடித்துவிட்டுப் பேரீச்சம்பழத் தட்டைத் தன் பக்கம் இழுத்தவர்தான், கஞ்சியைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. பிள்ளை அறைக்குள் அழுதுகொண்டிருக்கிறாள். "ஒன்ட நானாட மூளைக்கி என்னா நடந்த?" என்று உங்களைப் பற்றி றம்லத்திடம் கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.

அந்தக் குழுவை உடனே கலையுங்கள். கலைக்கும்வரை பெருநாளைக்கும் உங்கள் வாசல் மிதிக்க மாட்டேன்.

மதினிக்கும் பிள்ளைகளுக்கும் ஸலாம். அல்லாஹ் உங்களுக்கு நல்ல புத்தியைத் தருவானாக.

கோபம் தீராத மச்சான்,
முஹைதீன்

பி.கு.: இப்போதுதான் மாப்பிள்ளை வீட்டார் போன் பண்ணினார்கள். இன்றைக்கு நோன்பு திறக்க மறுபடி வருகிறார்களாம், அல்ஹம்துலில்லாஹ். றம்லத் வேலிக்கு அந்தப் பக்கம் போய்ப் போட்ட சத்தத்தில் சுவக்கினும் குசினிக்கு வந்துவிட்டார். ஆனால் அவருக்கு இது தவக்காலம், வெள்ளிக்கிழமையில் இறைச்சி தொட மாட்டார். வெள்ளிக்கிழமைகளில் அவருக்காகவே இறைச்சி போடாமல் காய்ச்சுகிறவள், சம்பந்தி வருகிற பதற்றத்தில் கஞ்சியில் ஆட்டிறைச்சியைப் போட்டுவிட்டாள். ஆகவே குழுவைக் கலைக்க வேண்டாம். அதிலிருந்து வேற்று மதத்து ஆள் ஒருவரை இதே ஆட்டோவில் ஏற்றி அனுப்புங்கள். பௌத்தர் என்றால் நல்லது, அவர்கள் விரதமிருக்கிற பௌர்ணமிப் போயாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது.