போலீஸ்காரரைச் சாப்பிட அனுப்பிய நாள்

இருபத்து நான்காவது வயதில் அரசாங்கத்தை ஒழித்துவிடுவது என்று நான் முடிவு செய்தேன். (அரசாங்கத்துக்கு இந்த விஷயம் இன்றுவரை தெரியாது.)

காரணம் இல்லாமல் இல்லை. திருவொற்றியூரில் எங்கள் மொட்டைமாடியில் வெள்ளைச் சட்டை காயப்போட்டால், மாலையில் ஆலைப் புகை படிந்த சாம்பல் நிறச் சட்டையை எடுத்து வருவோம். அதற்காக மனு கொடுத்தேன். மனுவைக் காணோம் என்றார்கள். காணாமல் போன மனுவுக்கு இன்னொரு மனு எழுதித் தரச் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து எனக்குக் கன்டெய்னர் யார்டில் குமாஸ்தா வேலை கிடைத்தது. இன்டர்நெட் இலவசம். மனிதர்களை யாரும் ஆள வேண்டியதில்லை, விட்டுவிட்டால் தாங்களே ஒழுங்காகிவிடுவார்கள் என்று யார் யாரோ எழுதியிருந்ததைப் படித்தேன், நம்பினேன். ஓட்டுப் போடவில்லை. ஆதார் எடுக்கவில்லை. (சிம் கார்டு மட்டும் அக்கா ஸ்டெல்லா பேரில்.)

அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். நான் கொள்கை பேச ஆரம்பித்ததும் டி.வி. சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

அக்காவுக்கு எண்ணூரில் மாப்பிள்ளை அமைந்தது. நிச்சயத்தன்று என்னை நம்பி ஒரே ஒரு வேலை கொடுத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வரும் வேனுக்காக மெயின்ரோடு சந்திப்பில் பைக்கோடு நின்று, சந்துக்குள் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வழிகாட்டி அழைத்து வர வேண்டும். அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று நான் யார்டில் இருந்ததால், அதுவரை என்னைப் பார்த்ததில்லை.

பகல் இரண்டு மணி. சிக்னல் எரியவில்லை. நடுரோட்டில் ஒரு ஏட்டு வியர்வை வழிய விசில் ஊதிக்கொண்டிருந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"சார், நீங்க நிக்கறதாலதான் ஜாமே ஆவுது."

"இன்னாபா சொல்ற?"

"ஒரு பத்து நிமிசம் போய்ப் பாருங்க. ஜனங்களே ஒருத்தர ஒருத்தர் பாத்துப் போய்க்குவாங்க."

கோபப்படுவார், விவாதிக்கலாம் என்று ஆசையாக இருந்தேன். அவரோ என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விசிலைப் பாக்கெட்டில் போட்டார். "காலைலேர்ந்து நாஸ்தா கூட துன்னல தம்பி. நீ சொல்றதும் கரெக்டாத்தான் கீது." எதிரே இருந்த மெஸ்ஸுக்குள் போய்விட்டார்.

முதல் ஐந்து நிமிடம் என் வாழ்க்கையின் பொற்காலம். ஷேர் ஆட்டோ ஒன்று நின்று ஒரு பெரியவரைக் கடக்கவிட்டது. லாரி டிரைவர் பஸ்ஸுக்குக் கைகாட்டி வழிவிட்டார். எனக்குக் கண் கலங்கியது. செல்போனில் வீடியோ எடுத்தேன்.

ஆறாவது நிமிடம், துறைமுகத்துக்குத் திரும்பிய டிரெய்லரும் மணலியிலிருந்து வந்த டேங்கரும் மூக்கோடு மூக்கு நின்றன. 'நீ பின்னால எடு', 'நீ எடு' என்று இருவரும் எஞ்சினை அணைத்துவிட்டார்கள். கிடைத்த இடைவெளியில் ஆட்டோக்கள் நுழைந்தன. மிச்ச இடைவெளியில் பைக்குகள். அத்தனைக்கும் நடுவில், பூ கட்டிய ஒரு வெள்ளை வேன்.

நான் டிவைடரில் ஏறி, "எல்லாரும் நான் சொல்றத கேளுங்க!" என்று கத்தினேன்.

"நீ யார்ரா சொல்றதுக்கு?" என்றார் டேங்கர்காரர்.

இரண்டு வருடமாக உலகத்தைப் பார்த்து நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. மெஸ்ஸுக்கு ஓடினேன்.

"சார், வாங்க சார், கால்ல வேணா வுழறேன்."

"இரு தம்பி. இன்னும் ரசம் ஊத்தல."

ரசம், மோர் எல்லாம் முடித்து அவர் கைகழுவி வந்தபோது, சந்திப்பின் நடுவில், அந்த வேனிலிருந்து இறங்கிய ஓர் அம்மா பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு நின்றிருந்தார். மாப்பிள்ளையின் அம்மா. எண்ணூரில் மீன் ஏலம் விடுகிறவர்.

"யோவ் டேங்கரு, ரெண்டடி பின்னால போ! நைனா, உன் ஆட்டோ இன்னா ஊசியா, கண்ட சந்துல பூந்துகினு வர? ஒதுங்கு!"

கால் மணி நேரத்தில் ரோடு திறந்துவிட்டது. சட்டமும் இல்லை, சீருடையும் இல்லை. யோசித்துப் பார்த்தால், அன்று என் கொள்கை ஜெயித்துவிட்டது. ஆனால் அதை எடுத்துச்சொல்லும் நிலைமையில் நான் இல்லை.

"டூட்டிய வுட்டுட்டு எங்கய்யா போன?" என்று அந்த அம்மா ஏட்டைப் பிடித்தார். ஏட்டு என்னைக் காட்டினார். "இந்தத் தம்பிதாம்மா போவச் சொன்னாரு."

"யாருடா நீ?"

"பொண்ணோட தம்பி, அத்தை."

முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "வூட்டுக்கு வழியாவது காட்டுவியா, இல்ல அதயும் நாங்களே பாத்துக்கணுமா?"

வேனுக்கு முன்னால் பைக்கை ஓட்டி வீட்டுக்கு அழைத்து வந்தேன். சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன். என் முகத்தைப் பார்த்ததும் அக்கா, "இன்னாடா பண்ண?" என்றாள். தட்டு மாற்றுவதற்கு முன் அத்தை அப்பாவிடம் சொன்னார்: "பொண்ண எங்களுக்குப் புட்ச்சிக்கீது. ஒரே ஒரு கண்டிசன்."

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது.

"கல்யாணத்தன்னிக்கு இந்தப் புள்ளைக்கு ஒரு வேலையும் குடுக்காதீங்க. ஒரு சேர் போட்டு ஒக்கார வைங்க."

நடந்ததைக் கேட்டு அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். என் கொள்கையை அவர் முழுசாகக் கேட்டது அன்று ஒருநாள்தான். இப்போது அவர் இல்லை.

அரசாங்கத்தின்மேல் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. மனுக்கள் இன்னும் காணாமல்தான் போகின்றன. ஆனால் எண்ணூருக்குப் போனால் அதைப் பற்றி வாயே திறப்பதில்லை. காரணம், அக்காவின் கல்யாண ஆல்பம். மோதிரம் மாற்றும்போது, கேக் வெட்டும்போது, பந்தியில் என்று எல்லாப் படத்திலும் ஒரு மூலையில், கோட்டு சூட்டோடு சிவப்பு பிளாஸ்டிக் சேரில் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான்.

போன மாதம் அக்கா மகள் கேட்டாள். "மாமா, அன்னிக்கு ஒனக்குக் கால்ல அடியா?"

"ஆமாம்மா" என்றேன்.

சமையலறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "கால்ல இல்லடி, வாய்ல."