காணோம் அத்தையின் ஆடு

காணோம் அத்தையைப் போல ஒரே ஆட்டை அத்தனை தடவை தொலைத்த மனுஷி தாமிரபரணிக் கரையில் இன்னொருத்தி இருந்திருக்க முடியாது. தொலைந்த விஷயம் அந்த ஆட்டுக்கே தெரியாது. அது பாட்டுக்குத் தொழுவத்தில் நின்று குழை தின்றுகொண்டிருக்கும்.

தொண்ணூறுகளில் முக்கூடலில் எங்கள் தெருவே பீடித் தெரு. விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை மடக்கிய கால், மடியில் பீடி சுற்றும் தட்டு. சமைக்க நேரமிருக்காது; ராத்திரிக்குப் புரோட்டா சால்னாதான். காசு சேராத வீடுகளில் சதை மட்டும் சேர்ந்தது. 'ஒரு சுத்து பெருத்திருக்கியே' என்று யாராவது சொன்னால் பெருமையாக இருக்கும்.

என் அக்காவுக்கு அந்தப் பெருமை முட்டில் வலியாக இறங்கியது. பிறகு சர்க்கரை. "தினமும் நடங்கம்மா, இல்லேன்னா ஊசிதான்" என்றார் வண்ணார்பேட்டை டாக்டர். அக்காவுக்கு ஊசி என்றால் நடுக்கம். ஆனால் நடப்பதற்கு அதைவிடப் பயம். எங்கள் ஊரில் ஒரு பெண் சும்மா நடக்க முடியாது. டீக்கடைப் பெஞ்சு, "எங்கம்மா போறே?" என்று கேட்கும். "தீப்பெட்டி வாங்க" என்பாள் அக்கா. சொன்னதற்காக வாங்கியும் வந்துவிடுவாள்.

அப்போது 'காணோம்' பட்டம் வாங்கியிராத பக்கத்து வீட்டு அத்தை ஒருநாள் எங்கள் அலமாரியைப் பார்த்தாள். "என்னட்டி, தீப்பெட்டிக் கம்பெனி வச்சிருக்கியா?"

அக்கா அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். மறுநாள் பொழுது சாயும்போது தெருவே அதிர்ந்தது. "ஐயோ, என் ஆட்டைக் காணோமே! ஏளா, வாங்கட்டி தேட!"

நானும் அக்காவும் வாய்க்கால் கரையில் வெகுதூரம் தேடினோம். திரும்பி வந்தால் ஆடு தொழுவத்தில்.

"இங்கனதான நிக்கு, அத்தை?" என்றாள் அக்கா.

"நிக்கட்டும். நாளைக்கும் காணாமப் போவும்."

போனது. தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாகத் தேட வந்தார்கள். அத்தை அவித்த காணத்தை, வெளியூரில் கொள்ளு என்பார்களே அதை, மடியில் கட்டிக்கொண்டு வருவாள். "ஆட்டைத்தான் காணோம், காணமாவது தின்னுங்கட்டி" என்று கைநிறையக் கொடுப்பாள். காணம் தின்ற வயிறு ராத்திரியில் புரோட்டா கேட்கவில்லை.

"என்ன அத்தை, ஆட்டுக்குக் கால்ல சக்கரமா?" என்றது பெஞ்சு.

"அது துடியான ஆடு வே. உம்மள மாதிரி பெஞ்சைத் தேச்சிக்கிட்டா கெடக்கும்?"

கரை முழுக்க முள். அத்தை எங்களைக் கூட்டிக்கொண்டு பஞ்சாயத்துத் தலைவரிடம் போனாள். முள்ளை வெட்டணும், ஒரு டியூப் லைட்டும் வேணும், ஆடு தேட.

"ஆட்டைக் கட்டிப் போட வேண்டியதுதான?"

"கட்டிப் போட்டா சதை வச்சிருமே."

"வச்சா நல்லதுதான? வெலை கூடும்."

அத்தை எங்களைக் காட்டினாள். "இவளுவளையும் கட்டித்தான போட்டிருக்கு. எவளுக்கு வெலை கூடுச்சு?"

கொஞ்ச நாளில் முள் போயிற்று, விளக்கு வந்தது. மழை வருவதற்குள் அக்காவின் சர்க்கரையும் இறங்கிவிட்டது. ஊசி வேண்டாம் என்றார் டாக்டர்.

பிறகு ஒருநாள் சாயங்காலம் அத்தையின் சத்தமே இல்லை. போய்ப் பார்த்தோம். தொழுவத்தில் அறுந்த கயிறு கிடந்தது. அத்தை உள்ளே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். ஆடு நிஜமாகவே காணாமல் போயிருந்தது.

டீக்கடைப் பெஞ்சுக்குப் பதில் சொல்லத் தெரியாத என் அக்கா நடுத்தெருவில் நின்று கத்தினாள். "ஆட்டைக் காணோம்!" அன்று பெஞ்சும் எழுந்து தேட வந்தது. ஆடு கிடைக்கவில்லை.

மறுநாள் விளக்கு எரிந்ததும் அக்கா அத்தை வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"வாங்க அத்தை, தேடுவோம்."

"இனி எங்கட்டி கெடைக்கப் போவுது?"

"என்னைக்குத்தான் கெடைச்சிருக்கு? எந்திரிங்க."

நான் அத்தையின் செருப்பைத் தேடி எடுத்து, அவள் கால் நுழைக்கத் தோதாகத் திருப்பி வைத்தேன்.