கேடயமும் ஒரு கையுறையும்

'விபத்தே இல்லாத தொழிற்சாலை' என்ற தகரப் பலகையைச் சுவரில் மாட்டும்போது, அதன் விளிம்பு பாதுகாப்பு அதிகாரியின் வலது உள்ளங்கையை நீளமாகக் கிழித்துவிட்டது.

டப்பா செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவருக்கு 'ஜாக்கிரதை' என்று பட்டப்பெயர். எதிரே வருபவரிடம் வணக்கத்துக்குப் பதிலாக அதைத்தான் சொல்வார். முதலுதவி அறைக்குப் போனால் காயம் விபத்துக் கணக்கில் ஏறும். ஏறினால், சற்று நேரத்தில் முதலாளி தரப்போகும் கேடயம் இன்னொரு கிளையின் பாதுகாப்பு அதிகாரிக்குப் போய்விடும். அந்த ஆள் இவர் மனைவியின் தம்பி. கேடயம் போவதுகூடப் பரவாயில்லை. மச்சான் வீட்டு அலமாரியில் உட்கார்ந்துகொண்டு ஆயுளுக்கும் இவரைப் பார்த்து இளிக்குமே!

கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு கேன்டீனுக்குள் நுழைந்தார்.

"அக்கா, கட்டுப்போடத் துணி இருக்குமா? யாருக்கும் தெரியக் கூடாது."

டீ போடும் அக்கா ஏன், எப்படி என்று கேட்கவில்லை. சர்க்கரை டப்பாவைத் திறந்து மருந்தும் துணியும் எடுத்தாள். நிமிஷத்தில் கட்டு முடிந்தது.

"பழகின கையா இருக்கே!"

"டீ ஆத்துற கை சார், எல்லாம் வரும்."

கட்டு பந்துபோல் புடைத்திருந்தது. அதை மறைக்க வெல்டரின் கையுறை ஒன்றை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். வாசலிலேயே, விழாவுக்கு வந்திருந்த மச்சான்.

"என்ன மச்சான், ஒத்தைக் கையுறை? இன்னொண்ணை எங்கக்கா பாத்திரம் தேய்க்க எடுத்துக்கிட்டாளா?"

"இன்னிக்கு இங்க கையுறை தினம். உங்க கிளையில கொண்டாடுறதில்லையா?"

பின்னால் வந்த முதலாளியின் காதில் அது விழுந்தது. "அட, நல்ல யோசனை! எல்லாருக்கும் குடுங்கய்யா!"

ஸ்டோரில் தூசி படிந்து கிடந்த மூட்டையைப் பிரித்தார்கள். கையுறை என்றாலே காத தூரம் ஓடுகிற ஆட்கள், சும்மா கிடைத்த சரக்கைப்போல முண்டியடித்து வாங்கி மாட்டிக்கொண்டார்கள். ஒருவழியாகத் தன் பேச்சு எடுபட்டுவிட்டது என்று ஜாக்கிரதைக்கு நெஞ்சு நிறைந்தது.

மேடையில் முதலாளி, பேரம் படிந்த வியாபாரிபோல கட்டுப்போட்ட அந்தக் கையைப் பிடித்து அழுத்திக் குலுக்கினார். ஜாக்கிரதையின் கண்களில் பொலபொலவென்று நீர் கொட்டியது.

"பாருங்க, ஆனந்தக் கண்ணீர்!" என்று கேடயத்தைக் கொடுத்தார் முதலாளி. கூட்டம் தட்டியது. மெத்தையைத் தட்டுவதுபோல் சத்தம் வந்தது.

"என்னய்யா இது? கையுறையைக் கழட்டிட்டுப் பலமாத் தட்டுங்க!" என்றார் முதலாளி.

கேடயத்தை இரண்டு கையாலும் தாங்கியிருந்ததால் ஜாக்கிரதை தப்பித்தார். கீழே ஒருவரும் அசையவில்லை. ஒருவர் கூரையைப் பார்த்தார். இன்னொருவர் இருமினார்.

முன்வரிசையில் மச்சான் இளித்தார். "இவ்வளவுதானா மச்சான் உங்களுக்கு இங்க மதிப்பு?"

ஜாக்கிரதைக்கு முகம் சுண்டிப்போனது. மேடைக்கு டீ கொண்டுவந்த அக்காவிடம் குனிந்து கிசுகிசுத்தார்.

"என் மானம் போகுது அக்கா! நீங்களாவது கழட்டச் சொல்லுங்க."

"கழட்ட மாட்டாங்க சார். அவங்களுக்கெல்லாம் கட்டினது போக மிஞ்சின துணிதான் உங்க கையில இருக்கு."