கோயில் வாசலில் புறப்பட்ட நதி

சேசு மரி சூசை துணை

அயோத்தியாப்பட்டணம்,
மே மாதம், 1958.

மகா கனம் பொருந்திய என் மைத்துனர் சின்னப்பராஜ் அவர்களுக்கு, உங்கள் அக்காள் புருஷன் அமிர்தசாமி எழுதிக்கொள்ளும் லிகிதம். சர்வேசுரன் கிருபையால் இங்கே நானும் உங்கள் அக்காள் அன்னாளும் மகள் ரோசியும் சுகம். மோகனூரில் நீங்களும் பிள்ளைகளும் மாடுகன்றுகளும் சுகமாயிருக்கத் தேவமாதாவை மன்றாடுகிறேன்.

நிற்க. “அமிர்தசாமிக்குப் புத்தி பிசகிவிட்டது, அந்தோனியார் கோயில் வாசலைத் தோண்டிப் போட்டுவிட்டார்” என்று உங்கள் ஊர் வரைக்கும் பேச்சு வந்திருப்பதாகக் கேள்வி. தோண்டியது வாஸ்தவம். புத்தி பிசகியது பொய். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு, இப்படி ஒரு மனிதர் நம் குடும்பத்தில் பெண் எடுத்தாரே என்று நீங்களே நெஞ்சை நிமிர்த்திக்கொள்வீர்கள்.

ரயில்வே கூட்ஸ் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றதும் நான் சாலமோன் ராஜாவைப் போல சர்வேசுரனிடம் ஞானத்தை மட்டும் கேட்டேன். சாலமோனாவது வாலிபத்தில் கேட்டார். அந்த வயதில் யாருக்கும் எதையும் கேட்கத் தோன்றும். நான் பென்ஷன் வாங்கும் வயதில் கேட்டேன், அதுதான் பெரிது. கேட்டுவிட்டு வேதபுஸ்தகத்தைப் பிரித்தால் எசேக்கியேல் தீர்க்கதரிசி கண்ட காட்சி வருகிறது. தேவாலயத்தின் வாசற்படிக்கு அடியிலிருந்து தண்ணீர் புறப்படுகிறது, கிழக்கே ஓடுகிறது, போகப் போகக் கணுக்கால், முழங்கால், இடுப்பு என்று ஏறிக் கடைசியில் யாரும் கடக்க முடியாத நதியாகிவிடுகிறது. மச்சான், நம் அந்தோனியார் கோயிலுக்கும் வாசல் கிழக்கேதான்! ஊரிலோ இரண்டு வருஷமாக மழை இல்லை, உங்கள் அக்காள் ஒரு குடம் தண்ணீருக்கு ஆத்தூர் ரோட்டில் எவ்வளவு தூரம் நடக்கிறாள் என்பது காவேரிக் கரையில் இருக்கும் உங்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஜெபமாலை முடிந்ததும் நான் பீடத்துக்கு முன்னால் நின்று, “தண்ணீர் நம் காலடியில் இருக்கிறது!” என்று முழங்கினேன். சனங்கள் குனிந்து பார்த்தார்கள். அன்னாள் மட்டும், “காலடியில இருந்தா உங்க மூளைக்கு மேல ஏறட்டும்” என்றாள். தீர்க்கதரிசிகளுக்குச் சொந்த வீட்டில் மரியாதை கிடைத்ததில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கிணறு வெட்டுவதற்குத் திருச்செங்கோட்டுப் பக்கத்துக் கண்ணுசாமியைக் கூட்டி வந்தேன். அவர் வாசற்படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஏனுங்க சாமி, இங்கயேவா வெட்டோணும்? உள்ளார போறவங்க எப்படிங்க போவாங்க?” என்றார். “நீந்திப் போவார்கள்” என்றேன். படிக்கட்டைப் பெயர்த்தார்கள். இடுப்பளவு போனதும் பாறை. “வெடி வெச்சாத்தானுங்க ஆகும்” என்றார் கண்ணுசாமி. வைத்தார். கோயில் ஓடுகள் பாதி கீழே வந்துவிட்டன. பீடத்தின் மேலிருந்த அந்தோனியார் அதிர்ச்சியில் திரும்பி, சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். ஊர்ப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். தண்ணீர் இருக்கும் திசையைத்தான் அவர் காட்டுகிறார் என்று நான் விளக்கிச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. கண்ணுசாமி கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு, “நான் போய்ட்டு வாரேனுங்க” என்று போனவர் வரவேயில்லை.

இந்த நேரம் பார்த்துத்தானா ரோசிக்குப் பேசியிருந்த இடத்திலிருந்து வர வேண்டும்? செவ்வாய்ப்பேட்டை ஜவுளிக்கடை பாக்கியநாதன், பையனின் தகப்பனார், கோயிலைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே நடந்தவர், குழியைப் பார்க்கவில்லை. வேட்டி சட்டை சரிகைத் துண்டோடு உள்ளே இறங்கிவிட்டார். நான் ஓடிப் போய் எட்டிப் பார்த்தேன். இடுப்பளவில் நிற்கிறார். என்னை அறியாமல், “எசேக்கியேல் சொன்ன அதே அளவு!” என்று கூவிவிட்டேன், மச்சான். அவர் மேலே ஏறி மண்ணைத் தட்டியபடி, “சம்பந்தமே வேண்டாங்க” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். ரோசி கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் அழுகிற சத்தம் கேட்டபோது எனக்கும் ஒரு கணம் எசேக்கியேல் மேல் கோபம்தான். மறைக்க மாட்டேன்.

அதற்கடுத்த ஞாயிறு பங்குச் சாமியார் பூசைக்கு வந்தார். பலகை போட்டு அவரை உள்ளே கொண்டுபோனோம். “உபதேசியாரைக் கேட்டீரா? என்னைக் கேட்டீரா? யாரைக் கேட்டு வெட்டினீர்?” என்றார். “சாமி, நான் ஞானத்தைக் கேட்டேன்” என்றேன். அவர் வாயைத் திறப்பதற்குள் இடி. சேர்வராயன் மலைப் பக்கமிருந்து திரண்டு வந்த மேகம், மச்சான், குடம் குடமாகக் கொட்டியது! குழி நிரம்பியது, வாசலில் தண்ணீர் புறப்பட்டது. என்ன, கிழக்கே ஓடாமல் மேற்கே, கோயிலுக்குள்ளேயே வந்துவிட்டது. திசை ஒன்றுதான் பிசகு. சனங்கள் கணுக்கால் தண்ணீரில் முழங்காலிட்டுப் பூசை கண்டார்கள். பூசை முடிந்ததும் ஒருத்தி பாக்கியில்லாமல் பெண்கள் குடத்தோடு ஓடி வந்தார்கள். சாமியார் அங்கியைத் தூக்கிப் பிடித்தபடி என் காதருகே வந்து, “அமிர்தசாமி, நீர் ஞானம் கேட்டீர், ஆண்டவர் தண்ணீர் கொடுத்திருக்கிறார். ஞானத்துக்கு விடாமல் கேட்டுக்கொண்டே இரும்” என்றார். பாராட்டு என்றால் அது பாராட்டு.

அன்னாள் மறுநாளே செவ்வாய்ப்பேட்டைக்குப் போனாள். என்ன பேசினாளோ, பாக்கியநாதன் சம்மதித்துவிட்டார். தண்ணீர் கண்ட மனிதனின் மகள் என்பதால்தான் என்பது என் எண்ணம். பூசையில் கல்யாண ஓலை வாசிக்க ஏற்பாடாகிறது. கல்யாணத்துக்கு நீங்கள் குடும்பத்தோடு வந்து, கோயில் வாசலில் உங்கள் அத்தான் வெட்டிய குளத்தைக் கண்ணாரக் காண வேண்டும். பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். உங்கள் வீட்டுக்காரிக்குத் தோத்திரம். தேவமாதா உங்கள் அனைவரையும் தன் முந்தானையில் மூடிக் காப்பாளாக.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள அத்தான்,
அ. அமிர்தசாமி

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போன வேளையில் கோயிலுக்குப் போய்வந்தேன். குழியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வெடி வைத்ததில் பாறை பிளந்து, அத்தனையும் பக்கத்துத் தோட்டத்துத் தங்கசாமியின் கிணற்றுக்குப் போய்விட்டதாம். வறண்டு கிடந்த அவர் கிணறு இப்போது நிரம்பி நிற்கிறது. ஊர்ப் பெண்கள் எல்லோரும், உங்கள் அக்காள் உட்பட, அங்கேதான் மொள்கிறார்கள். சாமியார் குழியை என் கையாலேயே மூடச் சொல்லிவிட்டார். பாக்கியநாதன் சம்மதித்த காரணத்தையும் அன்னாள் இப்போதுதான் சொன்னாள்: வெயிலில் எனக்கு மூளை கலங்கியிருந்தது, மழை விழுந்ததும் தெளிந்துவிட்டது என்று சொன்னாளாம். தங்கசாமி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்க மாரியாத்தா கண்ணு தொறந்துட்டாளுங்க, நாளைக்குப் பொங்கலு, நீங்க அவசியம் வரோணும்” என்று அழைத்துவிட்டுப் போனார். போகலாமென்றிருக்கிறேன். சாமியாருக்குத் தெரிய வேண்டாம்.